தலையில் அடி, மயக்கம் இல்லை, ஆனால் பிளட் தின்னர் சாப்பிடுகிறவர்: சி.டி. இப்போதே எடுக்கணுமா?

முத்துச்செல்வி | காலை 9.40

வணக்கம். மாமாவுக்கு 72 வயது. இன்று காலை 6.15-க்குக் குளியலறையில் வழுக்கி மல்லாந்து விழுந்ததில் பின்மண்டை தொட்டித் திண்டில் மோதிவிட்டது. நினைவு தப்பவில்லை, தானாகவே எழுந்து வந்து உட்கார்ந்தார். தோல் கிழியவில்லை. எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருக்கிறது. 8 மணிக்கு இட்லி சாப்பிட்டதும் ஒரு தடவை வாந்தி. தலை லேசாக வலிக்கிறது என்கிறார்.

2 வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தது. ஈகோஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75 இரண்டும் தினமும் உண்டு. சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் காட்டினோம். பிபி 150/90. "வெளியே ரத்தம் வரவில்லை, 24 மணி நேரம் பாருங்கள்" என்று சொல்லி வலிக்கும் வீக்கத்துக்கும் இரண்டு ஊசி எழுதித் தந்தார்கள். இன்னும் போடவில்லை. வீட்டில் ஒருவர் தூங்கவே விடக்கூடாது என்கிறார், இன்னொருவர் பேசாமல் படுக்க வை என்கிறார். சி.டி. எடுக்க 30 கி.மீ. போகணும். போகணுமா? "பாருங்கள்" என்றால் எதைப் பார்ப்பது?

அவசரப்பிரிவு_செவிலி | காலை 9.52

போகணும். இதைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள், மதியம் வரை தள்ள வேண்டாம்.

காரணம் இரண்டு. 65 வயது தாண்டியவருக்குத் தலையில் அடி என்றால், பார்க்க நன்றாக இருந்தாலும் அவரை "லேசான அடி" கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்தது அந்த இரண்டு மாத்திரை. இரண்டும் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பவை. உள்ளே ஒரு சிறிய சிரை கசிந்தால் நமக்கெல்லாம் தானாக அடைபடும். அவருக்கு அடைபட நேரமாகும், அதுவரை கசிந்துகொண்டே இருக்கும். வெளியே ரத்தம் வராததை வைத்து உள்காயம் இல்லை என்று சொல்லவே முடியாது. தோல் கிழிவதும் மண்டைக்குள் கசிவதும் வேறு வேறு சங்கதி.

அந்த ஊசிகளின் பெயரைச் சீட்டில் பாருங்கள். டைக்ளோஃபெனாக் என்றிருந்தால் வேண்டாம், அதுவும் தட்டணுக்களைத் தடுக்கிற மருந்துதான். டெக்சாமெத்தசோன் என்றிருந்தால் அதுவும் வேண்டாம். மூளை வீக்கம் குறையட்டும் என்று தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு போடுவது பழைய பழக்கம். 10,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய 'கிராஷ்' ஆய்வு 2004-இல் வெளிவந்தது. ஸ்டீராய்டு போட்டவர்களில்தான் இறப்பு அதிகம் என்று அதில் தெளிவாகிவிட்டது. இன்னும் சில இடங்களில் போடுகிறார்கள் என்பது வருத்தமான விஷயம். வலி பொறுக்கவில்லை என்றால் பாரசிட்டமால் 500 மட்டும், ஒரு வாய் தண்ணீரில்.

கிளம்புமுன் 3 நிமிட வேலை. குளுக்கோமீட்டரில் சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே இறங்கினாலும் உளறல், தள்ளாட்டம், அரைத்தூக்கம் எல்லாம் வரும், தலைக்காயம் என்றே நினைத்துவிடுவோம். அவர் விழுந்ததற்கே அது காரணமாக இருக்கலாம். கழுத்தின் பின்பக்கம் நடு எலும்பை மேலிருந்து கீழாக மெல்லத் தொட்டு வலிக்கிறதா என்று கேளுங்கள். கை கால் மரமரப்பு உண்டா என்றும் கேளுங்கள். இந்த வயதில் நின்ற நிலையில் விழுந்தாலே மேல் கழுத்து எலும்பு விரிசல் விடும். வலியோ மரமரப்போ இருந்தால் நடக்க விடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் காரில் பின் இருக்கையில் சாய்த்து உட்கார வைத்து, பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகவே கூடாது.

இன்றைய காலை மாத்திரைகள் இன்னும் போடவில்லையென்றால், அங்கே டாக்டர் பார்க்கும்வரை நிறுத்தி வையுங்கள். சாப்பாடும் அதுவரை வேண்டாம். மாத்திரை அட்டைகளையும் ஸ்டென்ட் வைத்தபோது தந்த டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேசுவாலிட்டியில் முதல் வாக்கியமாகவே இதைச் சொல்லுங்கள்: "72 வயது, காலை 6.15-க்குத் தலையில் அடி, ஸ்டென்ட் வைத்தவர், இரண்டு பிளட் தின்னர் சாப்பிடுகிறார், ஒரு வாந்தி." வழுக்கி விழுந்த கதையை முதலிலிருந்து ஆரம்பித்தால் மாத்திரை விஷயம் கடைசியில்தான் வரும். அந்த ஒரு சொல்லில்தான் வரிசையே மாறும்.

முத்துச்செல்வி | காலை 10.05

கார் வந்துகொண்டிருக்கிறது. சர்க்கரை 142. கழுத்தில் வலி இல்லை, மரமரப்பு இல்லை. இன்றைய மாத்திரை இன்னும் போடவில்லை. ஊசிச் சீட்டில் நீங்கள் சொன்ன இரண்டு பெயரும்தான் இருக்கிறது, போடப்போவதில்லை. கண் சொருகுகிறது, தூக்கமாக வருகிறது என்கிறார். வழக்கமாக 4.30-க்கே எழுந்துவிடுவார். தூங்க விடலாமா?

நரம்பியல்_வார்டு | காலை 10.11

வழியில் தூங்க வேண்டாம், பேச்சுக் கொடுத்துக்கொண்டே போங்கள். தூக்கம் மூளையைக் கெடுத்துவிடும் என்று இதைச் சொல்லவில்லை. தூங்குகிறாரா, நினைவு மங்குகிறதா என்று ஓடும் காரில் உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான். எழுப்பினால் கண்ணைத் திறந்து சரியாகப் பதில் சொல்லிவிட்டு மறுபடி அயர்ந்தால் அது தூக்கம். எழுப்ப எழுப்ப முனகல் மட்டும் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வருகிறது என்றால் தூக்கமில்லை. அப்படி ஆனால் வண்டியை ஓரம் கட்டி 108-க்குச் சொல்லுங்கள், இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள்.

மருத்துவமனையில் 'ஜிசிஎஸ்' என்று எழுதுவதும் இதே சோதனைதான். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இருவர் 1974-இல் வெளியிட்ட அளவுகோல். கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15. ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3 உண்டு. 13 முதல் 15 வரை லேசானது, 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமையானது. சீட்டில் 'ஈ4 வி5 எம்6' என்றிருந்தால் முழு மதிப்பெண் என்று அர்த்தம். ஆனால் ஒரு தடவை எழுதிய எண்ணை வைத்து நிம்மதி அடையக்கூடாது. 15-இல் இருந்தவர் 2 மணி நேரம் கழித்து 14 ஆனாரா என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு எண் இறங்கினாலும் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

வீட்டில் பார்ப்பதற்கும் இதையே சுருக்கிக்கொள்ளலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கிறதா? எந்த ஊர், என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டார் என்று சொல்கிறாரா? இரண்டு கையையும் உள்ளங்கை மேலே பார்க்க நீட்டி, கண்ணை மூடி 10 எண்ணச் சொல்லுங்கள். ஒரு கை மட்டும் மெதுவாக உள்பக்கம் திரும்பிக் கீழே இறங்கினால் அந்தப் பக்கம் பலம் குறைகிறது. அவரே உணராத பலவீனத்தைக்கூட இது காட்டிக்கொடுத்துவிடும். பிறகு டார்ச் அடித்துக் கண்பாப்பா இரண்டும் ஒரே அளவா என்று பாருங்கள். புரை ஆபரேஷன் ஆனவர், கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து விடுகிறவர் என்றால் பாப்பா முன்பிருந்தே ஒன்றுக்கொன்று மாறியிருக்கலாம். அதனால் முதல் தடவை பார்த்ததை எழுதி வைத்து, அதோடு ஒப்பிட்டுப் பார்க்கணும்.

கேட்டுத்தெரிந்துகொள் | காலை 11.20

இடையில் ஒரு சந்தேகம். அடிபட்டவர் எழுந்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு எப்படித் திடீரென்று விழுகிறார்? அப்புறம், எல்லாருக்கும் சி.டி. எடுத்துவிட்டால் என்ன? 10 மாதக் குழந்தை கட்டிலிலிருந்து விழுந்தாலும் எடுக்கச் சொல்கிறார்கள்.

நரம்பியல்_வார்டு | காலை 11.48

முதல் கேள்வி. மண்டையோடு விரியாத பெட்டி. உள்ளே மூளை, ரத்தம், மூளைத்தண்டுவட நீர் மூன்றும் அளவாக அடைந்திருக்கின்றன. ரத்தம் கசிந்து இடம் பிடிக்கும்போது முதலில் நீரும் சிரை ரத்தமும் விலகி வழி விடும். அந்த நேரம் ஆள் நன்றாகவே இருப்பார். விலக இனி ஒன்றும் இல்லை என்ற கட்டம் வந்ததும் அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும்.

நெற்றிப்பொட்டில் எலும்பு மெலிது, அதன் உட்பக்கம் ஒட்டியபடி ஒரு தமனி ஓடுகிறது. அது அறுந்தால் எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் சேரும். முதலில் பொறி கலங்கினாற்போல் இருந்து, தெளிந்து, சில மணி நேரம் சாதாரணமாக இருந்துவிட்டு மயங்குவது பெரும்பாலும் இந்த வகையில்தான். தெளிவாக இருக்கும் அந்த இடைவேளையை நம்பி ஏமாறுகிறார்கள். கிரிக்கெட் வீரர் ராமன் லாம்பா 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்றபோது பந்து தலையில் பட்டது. எழுந்து நடந்தே ஓய்வறைக்குப் போனார். அதற்குப் பிறகுதான் மோசமானார், சில நாளில் இறந்துபோனார்.

வயதானவர்களுக்கு இந்த வகை குறைவு, ஏனென்றால் அந்த மேலுறை எலும்போடு நன்றாக ஒட்டிப்போயிருக்கும். அவர்களுக்கு வேறு ஆபத்து. வயதாக ஆக மூளை சுருங்குகிறது. மூளையிலிருந்து மேலுறைக்குப் போகும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கும். லேசான குலுக்கலில்கூட அறுந்து சொட்டுச் சொட்டாகக் கசியும். சுருங்கிய மூளையைச் சுற்றி இடம் நிறைய இருப்பதால் அறிகுறி வெளியே தெரிய நாளாகும்.

இரண்டாவது கேள்விக்கு, இல்லை, எல்லாருக்கும் தேவையில்லை. கனடாவில் 2001-இல் வெளியான விதியைத்தான் பல இடங்களில் பார்க்கிறார்கள். அடிபட்டபோது நினைவு தப்பியவர், குழம்பியவர், நடந்தது மறந்துபோனவர்கள் விழிப்பாக வந்தால், இவற்றில் ஒன்று இருந்தாலும் சி.டி. எடுக்கணும் என்கிறது அது: 2 மணி நேரம் கழித்தும் ஜிசிஎஸ் 15-க்கு வரவில்லை, 2 தடவை அல்லது அதற்கு மேல் வாந்தி, வயது 65 அல்லது அதற்கு மேல், எலும்பு உள்ளே அமுங்கியிருக்கும் சந்தேகம், மண்டை அடித்தள முறிவின் அடையாளம். கடைசியாகச் சொன்னது முக்கியம். இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்துப்போவது, காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் நீலம் பாய்வது, மூக்கு அல்லது காது வழியாகத் தண்ணீர்போல வடிவது. இதற்குப் பஞ்சு அடைக்கக்கூடாது, மூக்கைச் சிந்தவும் கூடாது. அடைத்தால் கிருமி உள்ளே போக வழி செய்கிறோம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களைச் சேர்க்காமல்தான் இந்த விதியை உருவாக்கினார்கள். வார்ஃபரின், அசிட்ரோம், அபிக்சாபன் போன்றவை சாப்பிடுகிறவர்கள் "எனக்கு இது எதுவும் இல்லையே" என்று இதை வைத்து முடிவு செய்யக்கூடாது. மண்டை எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். உள்ளே கசிவதைக் காட்டாது.

குழந்தைக்குத் தேவையில்லாமல் கதிர்வீச்சு கொடுக்க வேண்டாம் என்பதற்காக வேறு கணக்கு. 2 வயதுக்குள் என்றால்: 3 அடிக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்ததா, புடைப்பு நெற்றியில் இல்லாமல் பக்கவாட்டிலோ பின்னாலோ இருக்கிறதா, 5 விநாடியோ அதற்கு மேலோ மூச்சுப்பேச்சில்லாமல் இருந்ததா, எலும்பு நொறுங்கினாற்போல் கைக்குத் தட்டுப்படுகிறதா, சுணங்கிப்போய்க் கிடக்கிறதா, "எப்பவும் இருப்பதுபோல் இல்லை" என்று அம்மா சொல்கிறாரா. அம்மா சொல்வது அந்த விதியிலேயே ஒரு அளவுகோல், பதற்றம் என்று தள்ளிவிடக்கூடாது. விழுந்ததும் அழுது, 10 நிமிடத்தில் சமாதானமாகி, பால் குடித்து, நெற்றியில் மட்டும் புடைப்பு இருக்கும் குழந்தையை டாக்டரிடம் காட்டிவிட்டு 4 மணி நேரம் கவனிப்பதே போதும். அழாமல் மடியில் நிமிர்ந்திருக்கும்போது உச்சிக்குழி உப்பி விறைப்பாக இருந்தால் காத்திருக்காமல் ஓடுங்கள்.

புடைப்பைத் தேய்த்து அமுக்கிக் கரைக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. தயவுசெய்து விட்டுவிடுங்கள். துணியில் சுற்றிய ஐஸ், 10 நிமிடம், அவ்வளவுதான்.

108_டெக்னீஷியன் | மதியம் 12.30

இந்த இழையைப் படிக்கிறவர்கள் நாளைக்கு ரோட்டில் ஒருவருக்கு உதவ வேண்டி வரலாம், அதற்காகச் சில விஷயம்.

கூட்டம் கூடியதும் முதலில் வருவது சோடா. அரை நினைவில் இருப்பவர் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போகும். உதட்டை நனைக்கக்கூட வேண்டாம். அடிபட்ட மூளைக்கு முதல் எதிரி மூச்சடைப்பு, அடுத்தது ரத்த அழுத்தம் இறங்குவது. இடித்தபோது ஆன சேதத்தை யாராலும் மாற்ற முடியாது. அதற்குப் பிறகு ஆக்சிஜன் கிடைக்காமல் ஆகிற சேதத்தைத் தெருவில் நிற்கிறவர்களே தடுக்கலாம். மயங்கியவர் குறட்டைபோலச் சத்தம் விட்டால் நன்றாகத் தூங்குகிறார் என்று அர்த்தமில்லை, நாக்கு பின்னால் விழுந்து வழியை அடைக்கிறது. தலைமாட்டில் முழந்தாளிட்டு, இரண்டு தாடைக் கோணத்திலும் விரல்களைக் கொடுத்துத் தாடையை மட்டும் மேல்நோக்கித் தூக்குங்கள். கழுத்தைப் பின்னால் மடக்க வேண்டாம். சத்தம் நின்று மூச்சு சீராகும். விட்டால் மறுபடி அடைக்கும், எனவே வண்டி வரும்வரை பிடித்தபடி இருங்கள்.

ஹெல்மெட் மூச்சுக்குத் தடையாக இல்லையென்றால் கழற்ற வேண்டாம், கண்ணாடியை மேலே தூக்கினால் போதும். வாந்தி எடுக்கிறார் அல்லது மூச்சில்லை என்றால் கழற்றத்தான் வேண்டும், அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் ஒரு கையால் தாடையையும் மறு கையால் பிடரியையும் தாங்கி அசையாமல் வைக்க, மற்றவர் வாரை அவிழ்த்து, ஹெல்மெட்டின் இரு பக்கத்தையும் வெளியே விரித்து, நேராகத் தலைமாட்டுப் பக்கம் இழுக்கணும். ஒரு ஆளாகப் பிடுங்கினால் கழுத்து போய்விடும்.

தலைத்தோல் கிழிந்தால் ரத்தம் நிறையக் கொட்டும். சுத்தமான துணியை மடித்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும். எலும்பு அமுங்கினாற்போல் தெரிந்தால் அந்த இடத்தில் அழுத்தாமல் சும்மா மூடுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம், தையல் போடுமுன் அதைக் கழுவவே நேரம் போய்விடும்.

வலிப்பு வந்தால் கையில் சாவி, இரும்பு கொடுப்பதில் பலன் இல்லை, பல்லிடுக்கில் கரண்டி நுழைப்பதில் பல்தான் உடையும். மணி பாருங்கள், பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்துங்கள், உதறல் நின்றதும் தலை, கழுத்து, முதுகு ஒரே கோட்டில் இருக்கும்படி நாலு பேராகச் சேர்த்து ஒருக்களியுங்கள்.

சாலை விபத்து என்றால் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் போதும், வெளிமாநிலத்தவருக்கும் பொருந்தும். கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் பெயர் சொல்லியே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது, 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134-ஏ பிரிவு அதற்குப் பாதுகாப்பு தருகிறது. பயந்து விலகிப் போகாதீர்கள்.

முத்துச்செல்வி | மாலை 5.15

அனைவருக்கும் நன்றி. 11.40-க்கு சி.டி. எடுத்தார்கள், கசிவு இல்லை. ஈ4 வி5 எம்6. மாலை வரை வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பிறகு வாந்தி இல்லை. ஸ்டென்ட் மாத்திரை நாளை முதல் வழக்கம்போல் என்று இதய டாக்டரிடம் போனில் கேட்டுச் சொன்னார்கள். இன்று இரவு எப்படிப் பார்ப்பது? இதோடு முடிந்ததா?

அவசரப்பிரிவு_செவிலி | மாலை 5.40

நல்ல செய்தி. மாத்திரையைப் பயந்து நீங்களாக நிறுத்தாதது இன்னும் நல்லது, ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது வேறு உயிராபத்து.

இன்று இரவு தாராளமாகத் தூங்கட்டும். தலைமாட்டை ஒரு தலையணை உயர்த்தி வையுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பி மேலே சொன்ன கேள்விகளைக் கேளுங்கள், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தாளில் நேரம் போட்டு எழுதுங்கள். தூக்க மாத்திரை, இருமல் சிரப், மது எதுவும் வேண்டாம். வலிக்குப் பாரசிட்டமால் 500, 6 மணி நேர இடைவெளியில். தலைவலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், வாந்தி மறுபடி வந்தால், பேச்சுக் குழறினால், நடை ஒரு பக்கம் சாய்ந்தால், வலிப்பு வந்தால், எழுப்பக் கஷ்டமாக இருந்தால் திரும்பிப் போய் இன்னொரு சி.டி. கேளுங்கள். காலையில் எடுத்த படம் அந்த நேரத்து நிலையைத்தான் சொல்லும்.

ஏன் விழுந்தார் என்பதையும் விடாதீர்கள். வழுக்கியதா, எழுந்து நின்றதும் கண் இருண்டதா என்று கேளுங்கள். இருண்டது என்றால் படுத்தபடி ஒரு பிபி, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒரு பிபி எடுக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், பிபி மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதைத் திருத்த வேண்டியிருக்கும்.

நரம்பியல்_வார்டு | மாலை 6.05

இன்னும் முடியவில்லை, செல்வி. காலண்டரில் 3-வது வாரத்தைக் குறித்து வையுங்கள். அப்போதிலிருந்து 2, 3 மாதம் வரை, நான் சொன்ன அந்தச் சொட்டுக் கசிவு மெல்லச் சேர்ந்து வெளியே தெரியலாம். விழுந்ததையே எல்லாரும் மறந்திருப்பார்கள். மறதி அதிகமாகிறது, பகலில் தூங்குகிறார், படுக்கையிலேயே சிறுநீர் போகிறது என்றெல்லாம் வரும்போது "வயசாச்சு" என்று விட்டுவிடுவார்கள், அல்லது பக்கவாதம் என்று நினைத்துவிடுவார்கள். சி.டி.யில் தெரிந்துவிடும். மண்டையில் சிறு துளை போட்டு வடித்தால் பெரும்பாலும் நன்றாகத் தேறிவிடுவார்கள், 72 வயதிலும்.

தட்டில் சோறு பிசையும்போது கையைக் கவனியுங்கள், கவளம் உருட்ட வராமல் சிதறுகிறதா, சட்டைப் பொத்தானுக்கு நேரமெடுக்கிறாரா என்று. நடக்கும்போது ஒரு கால் செருப்பு மட்டும் நழுவி, அது கழன்றதே தெரியாமல் அவர் பாட்டுக்கு நடந்து போகிறார் என்றால், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.